நாலு லட்சத்துக் கணுக்கால்

பெலினா மக்கராயெக் யாரையும் நம்பமாட்டாள். மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், அதன் பிறகும் மீன்காரியின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். என் கேன்டீனில் பதினோரு வருடம் சாப்பிட்டவள், ஒரு நாள்கூடக் குழம்பைக் கிளறிப் பார்க்காமல் தட்டை நீட்டியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வேணும்னா நீயே வந்து சமைச்சுக்கோடி."

"நான் சமைக்கப் போயிட்டா உன்னை யாரு கண்காணிக்கிறது, பாசிங்கக்கா?"

நவோட்டாஸ் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் 'மூன்று நண்டு' ஆலையில் கேன்டீன் என்னுடையது, எடை மேசை அவளுடையது. மூடி போடுவதற்கு முன் ஒவ்வொரு டப்பாவும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் தராசு இருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். உள்ளங்கையில் ஒரு கணம் வைத்துவிட்டு, "குறையுது" என்று ஓரமாகத் தள்ளுவாள். மேற்பார்வையாளன் சந்தேகப்பட்டுத் தராசில் வைப்பான். ஐந்து கிராமோ ஆறு கிராமோ குறைவாகத்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

இத்தனை கெட்டிக்காரி பதினோரு வருடமும் தற்காலிகம்தான். ஆறு மாதம் தாண்டி வேலை பார்த்தால் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டும். அதனால் எங்கள் ஆலையில் யாருக்கும் ஆறாவது மாதம் வருவதே கிடையாது. ஐந்தாம் மாதக் கடைசியில் 'எண்டோ', அதாவது ஒப்பந்தம் முடிந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு சீட்டில் ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கினால்தான் கடைசிச் சம்பளம் கைக்கு வரும். ஏழில் ஒன்று என்னுடையது, கேன்டீனில் பாக்கி இல்லை என்று. ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, வேறு பெயர் வைத்த ஏஜென்சி வழியாக அதே மேசைக்குத் திரும்பி வருவார்கள். பெலினாவுக்கு மட்டும் நான் இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அந்த வருடம் அவளுக்கு நாற்பத்தைந்து முடியப்போகிறது. அதற்கு மேல் எந்த ஏஜென்சியும் ஆளை எடுக்காது. இந்தத் தடவை வெளியே போனால் போனதுதான்.

அந்த வருடம்தான் கம்பெனியின் கூடைப்பந்து அணிக்கு ரொமெல் பனாலிகன் வந்தான். எங்கள் நாட்டில் சோப்பு விற்பவனும் சாராயம் விற்பவனும் அணி வைத்திருப்பான். எங்களுடையது மத்தி விற்கும் அணி. மாதம் நாலு லட்சம் பெசோ சம்பளம் என்று பத்திரிகையில் போட்டார்கள். எடை மேசையில் நாளுக்கு நானூறு. அன்று மத்தியானம் கேன்டீனில் ஒருத்தியும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"நாலு லட்சமா? பந்தைத் தூக்கி வளையத்துல போடுறதுக்கா?"

"அவன் உயரத்துக்கு நான் இருந்தா இலவசமாவே போடுவேன்."

"உன் உயரத்துக்கு நீ நாற்காலி மேல ஏறினாத்தான் என் தலைமுடியே தெரியும்."

பெலினா மட்டும் பத்திரிகையில் இருந்த அவன் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடை குறையுது இவன்கிட்ட" என்றாள். அவனை அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

இறுதிச் சுற்றுக்கு அணி போனதும், ஆள் நிர்வாகம் பார்க்கிற இலுஸ்த்ரே சரக்கு ஏற்றும் மேடையில் ஏறி ஒலிபெருக்கியில் அறிவித்தார். "கோப்பை நம்ம கைக்கு வரட்டும், உங்கள்ல நாற்பது பேரை நிரந்தரமாக்கறோம். பனாலிகனுக்காகக் கத்துங்க. உங்களுக்காகக் கத்துற மாதிரிக் கத்துங்க!"

மூப்பு வரிசையில் பெலினா மூன்றாவது. நாற்பதில் ஒன்று அவளுக்கு நிச்சயம். அன்றிலிருந்து அந்த நாலு லட்சத்துக்காரன் அவள் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கம்பெனி பேருந்தில் எங்களை ஏற்றி, மஞ்சள் பனியன் மாட்டி, சோறும் ஒரு கோழித்துண்டும் பொட்டலமாகக் கொடுத்து அரங்குக்குக் கொண்டுபோவார்கள். நாலு வெற்றி பெற்றவனுக்குக் கோப்பை. ஆளுக்கு இரண்டு என்று நின்றபோது ஐந்தாவது ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், ஒன்பது வினாடி பாக்கி, பனாலிகனுக்கு இரண்டு தனி வீச்சு. யாரும் மறிக்காத வீச்சு. முதலாவது விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டாவது விளிம்பைக்கூடத் தொடவில்லை.

பெலினா பெஞ்சு மேல் ஏறி நின்றாள். "எவ்ளோடா வாங்கினே? எவ்ளோவுக்கு வித்தே எங்களை?"

தோற்றவனைப் பார்த்து விற்றுவிட்டாயா என்று கேட்பது எங்கள் ஊரில் தெரு ஆட்டத்திலேயே பழக்கம்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவள் 'எங்களை' என்று சொன்னாள். கீழே நின்றவன் நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மறுநாள் ஆளுக்கொரு கதை. எதிரணி மேலாளரோடு அவன் நண்டு தின்றதைப் பார்த்ததாக ஒருத்தி. புது வண்டி வாங்கியிருக்கிறான் என்று இன்னொருத்தி. கணுக்கால் வலியில் தவறவிட்டதாக அவன் சொல்வதெல்லாம் நடிப்பு என்று எல்லோருமே. அணி பயிற்சி செய்வது எங்கள் கிடங்குக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான். பெலினா இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தகர இடுக்கு வழியாக அவன் காலையே கவனித்தாள்.

"நேத்து இடது காலை நொண்டினான். இன்னிக்கி வலது. நடிக்கத் தெரியாதவன், எந்தக் கால்னு மறந்துட்டான்."

மூன்றாம் நாள் என்னிடம் ஒரு கிண்ணம் கோழிக் கஞ்சி வாங்கிக்கொண்டாள். வீரர்களுக்குக் கேன்டீன் கொடுத்ததாகச் சொல்லி உள்ளே போகப்போகிறாளாம். தனியாக விட்டால் வம்பு இழுத்துவிடுவாள் என்று நானும் இஞ்சியும் வெங்காயத்தாளும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் பனிக்கட்டி வாளிக்குள் விட்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. பெலினா கஞ்சியை நீட்டியபடியே வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கணுக்காலும் சேப்பங்கிழங்கு மாதிரி வீங்கி, நீலம் பாரித்திருந்தன.

"நீங்கதானே அன்னைக்கி பெஞ்சு மேல ஏறினது?" என்றான்.

"ஆமா, நான்தான். வித்தியா, இல்லையா?"

நான் அவள் முதுகில் கிள்ளினேன். அவன் கோபப்படவில்லை, கஞ்சியை ஒரு வாய் குடித்தான். "உப்புக் கம்மி" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"இப்படிக் காலை வச்சுக்கிட்டு ஏன் ஆடுறே? வீங்கினவன் வீட்டுல படுத்துக்க வேண்டியதுதானே?"

"இந்த சீசனோட ஒப்பந்தம் முடியுதுக்கா. கோப்பை வந்தா இன்னும் ரெண்டு வருஷம் தர்றதா சார் சொல்லியிருக்கார். எனக்கு முப்பத்தஞ்சாயிடுச்சு. வேற எவன் எடுப்பான்?"

"எந்த சார்?"

"இலுஸ்த்ரே சார்தான்."

திரும்பி வரும்போது பெலினாவின் நடையே மாறியிருந்தது. "இவன் விக்கமாட்டான்க்கா" என்றாள். "இவனுக்கும் அதே ஆளுதான் வாக்குக் கொடுத்திருக்கார். எனக்கு என்ன வேணுமோ அதேதான் இவனுக்கும் வேணும்." பதினோரு வருடத்தில் அவள் ஒரு மனிதனை நம்பி நான் பார்த்தது அன்றுதான். சந்தேகப்படுகிறவர்கள் நம்ப ஆரம்பித்தால் ஒரேயடியாக நம்பிவிடுகிறார்கள். நானும் சேர்ந்து நம்பினேன், அதை மறைப்பானேன்.

ஆறாவது ஆட்டம் எங்களுக்கு. ஏழாவதில் அவன் ஆடினதை என்ன சொல்ல. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் பெலினா என் தொடையைப் பிடித்து நசுக்கினாள். கடைசியில் மறுபடியும் இரண்டு தனி வீச்சு. இரண்டும் வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தன. கோப்பையைத் தூக்கும்போது அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பெலினா அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு பனியன் கொடுத்தார்கள். செவ்வாய் ஒரு நாள் விடுமுறை. நாற்பது பேர் பட்டியலை மட்டும் ஒட்டவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு பெலினா இலுஸ்த்ரேயின் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. காப்பி கொண்டுபோன நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

"அது உற்சாகத்துக்காகச் சொன்னதும்மா. எழுத்துல எங்கேயாவது இருக்கா?"

"நாற்பது பேருன்னு சொன்னீங்க, சார்."

"பனாலிகனுக்கு எவ்ளோ கொட்டிக் கொடுத்தோம்னு உங்களுக்கே தெரியும். மிச்சம் எங்கே இருக்கு? அவனைப் போய்க் கேளுங்க."

இத்தனை நாளும் நாங்கள் ஒருவனுடைய கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி பிடித்திருந்த கையை ஒருத்தியும் பார்க்கவில்லை. அந்தக் காப்பியில் துப்பியிருக்க வேண்டும் நான். துப்பவில்லை, மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாதக் கடைசியில் எண்டோ. சீட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். பெலினா என்னிடம் வந்தபோது பெஞ்சில் ஊன்றுகோலோடு பனாலிகன் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் அதே சீட்டு. கம்பெனிப் பதிவேட்டில் வீரர்களும் ஊழியர்களாம், அவர்களுக்கும் கேன்டீன் பாக்கி இல்லை என்று நான் எழுதித்தர வேண்டுமாம்.

"ரெண்டு வருஷம் என்ன ஆச்சு?" என்றாள் பெலினா.

"டாக்டர் காலைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாராம்."

"எழுதி வாங்கலையா நீ?"

"நீங்க வாங்கினீங்களா?"

அவனுக்காக அழ வேண்டாம், அவனுக்கு வீடு இருக்கிறது, வண்டி இருக்கிறது. அந்தப் பெஞ்சிலிருந்து பட்டினிக்குப் போனவன் இல்லை அவன். அவளுக்கு நாற்பத்தைந்து வயது, கையில் அந்தச் சீட்டு மட்டும்தான்.

வெளியேறுகிறவர்களுக்குக் காவலாளி அன்பளிப்பாக ஆளுக்கொரு டப்பா கொடுத்திருந்தான். வெற்றி நினைவாக, பனாலிகனின் முகம் போட்ட புது டப்பா. பெலினாவின் மேசைக்கு வராமல், வேறு வரிசையில் அடைத்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்தாள்.

"குறையுது."

நான் அலமாரியிலிருந்து பழைய டப்பா ஒன்றை எடுத்து, இரண்டையும் சமையல் தராசில் மாற்றி மாற்றி வைத்தேன். புதியது ஒன்பது கிராம் குறைவு.

பனாலிகன் டப்பாவில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லுங்கக்கா, நாலு லட்சம் எனக்கு ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்" என்றாள் பெலினா, கொஞ்சமும் தயங்காமல். "ஆனா நீ உள்ளே போட வேண்டியதைப் போட்டுட்டே. குறைச்சவன் நீ இல்லை."

நான் அவன் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவளுடையதில் இருபத்து மூன்றாவது. அவள் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் மடித்தாள். பதினோரு வருட வேலைக்கு, அந்த ஆலையிலிருந்து எழுத்தில் அவள் வாங்கிக்கொண்டு போனது அது ஒன்றுதான்.