களத்தில் விழுந்த கோல்ஃப் பந்து

ஏற்காட்டில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரை வனவாசம்தான். மைதானம் முழுக்கச் சேறு. மற்றவர்கள் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். காப்பித் தோட்டத்துக் கணக்கனான எனக்குச் சீட்டில் ராசி கிடையாது. அதனால் சென்ற மார்கழியில், அறுவடை முடிந்து காய்ந்த நிலம் தேடி, அண்ணனோடு தர்மபுரிப் பக்கம் போனேன்.

உண்மையில் போனது அண்ணனுக்காக. ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அண்ணியோடும் மகள் செல்லத்தோடும் காட்டு வழியே நடந்து புறப்பட்டார். தனியாக வந்து சேர்ந்தார். இரண்டு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோல்ஃப் மட்டையை நீட்டினால்தான் எழுந்து வருவார். அதுவும் மழையில் நின்றுபோனால் மனிதர் அடியோடு ஒடுங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

சேலத்தில் காலை ஆறரைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் பஸ். அதியமான்கோட்டைக்கு முப்பத்தைந்து மைல், ஆளுக்குப் பதினாலு அணா. தொப்பூர் ஏற்றத்தில் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் எறங்கி நடங்க சாமி, வண்டி ஏறமாட்டேங்குது" என்றார் கண்டக்டர்.

டிக்கெட் வாங்கியது நடப்பதற்கா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். அண்ணன் கடைசியாக, காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். அவர் வீட்டுக்குள்கூட ஷூவைக் கழற்றுவதில்லை. ரங்கூன் பவுசு என்று நாங்கள் கேலி செய்வோம்.

எங்கள் ஆட்டத்தில் குழி கிடையாது. அறுத்த வயலில் ஒருவர் மாற்றி ஒருவர் இலக்கு சொல்வோம்: ஒரு பனைமரம், ஒரு கிணற்று மேடு. தோற்றவர் அடுத்த இலக்கு வரை இடக்கையால் அடிக்க வேண்டும். என் இடக்கை ஆட்டத்தைப் பார்த்து அண்ணன் சிரித்தேவிட்டார். அந்த உற்சாகத்தில் அவர் ஓங்கி அடித்த பந்து, கேழ்வரகு அடித்துக் குவித்திருந்த ஒரு களத்தில் போய் விழுந்தது. யுத்த காலத்தில் வேறு பந்துக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

களத்தில் நின்ற அம்மாள் கையைக் காட்டித் தடுத்தார். "செருப்புக் காலோட வராதீங்க. தானியம் பொலியா கெடக்குதுங்க."

நான் போகிறேன் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வலது காலில் மூன்று விரல்கள் இல்லை.

"அய்யோ, காலு என்னங்க இப்படி?"

"பர்மாவுல இருந்து நடந்து வந்தேம்மா."

"ஒத்தையாவாங்க?"

"சம்சாரம் முதல்லயே காய்ச்சல்ல போயிட்டா. பொண்ணு கால் வலிக்குதுன்னா, தோள்ல தூக்கிக்கிட்டேன். ராத்திரி பூரா நடந்தேன். தூங்குறான்னுதான் நெனச்சேன். விடிஞ்சு எறக்கினப்பதான் தெரிஞ்சது."

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அதன் பிறகு நாங்கள் ஆடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மட்டை ஒன்று போதும். நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு அறுத்த வயலில் மட்டும் ஆடுங்கள். குடிக்கத் தண்ணீர் அவசியம். பந்து களத்தில் விழுந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்ப நாலரைக்குப் பஸ் உண்டு.

அந்தப் பஸ்ஸில்தான் வந்தோம். தொப்பூர் இறக்கத்தில் வண்டி தடதடவென்று இறங்கியபோது, அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"செல்லம் இருந்திருந்தா, இந்த வளைவுல என் கழுத்தைக் கட்டிக்கிட்டிருப்பா."