சுருட்டைக்காரனின் இரண்டு காதுகள்

முதலில் மாவின் மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டில் எங்கே நின்றாலும் புளித்த வாசனை. மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து தோசை மாவை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். முந்தின நாள் அரைத்த மாவு, பாவம், சரியாகப் பொங்கக்கூட இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு எப்போதும் வேகம் அதிகம். "இதேதான்" என்றேன். ஒரு பாத்திரம் மாவு சாக்கடைக்குப் போனது. மறுநாளும் வாசனை அப்படியே இருந்தது. வாஷிங் மெஷின், மிதியடி, என் ஷூ என்று விசாரணை நீண்டது. ஷூ விஷயத்தில் மனைவியிடம் வலுவான ஆதாரங்கள் இருந்ததால் அதை மாடி வெயிலில் வைத்தோம். வாசனை போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோபாவில் சாய்ந்திருந்தபோது எங்கள் நாய் வந்து என் வயிற்றின் மேல் தலையை வைத்துப் படுத்தான். புளித்த மாவு வாசனை குப்பென்று ஏறியது. தொங்கும் காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பஞ்சடைத்தது போலச் சுருள் சுருளாக முடி. அதற்கு நடுவே பழுப்பாக, பிசுபிசுவென்று அழுக்கு.

அவன் பூடில் கலப்பு. தலையிலிருந்து வால்வரை சுருட்டை. ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் எங்கள் தெருவுக்கு அவன் வந்த புதிதில் பாதிப் பேர் ஆட்டுக்குட்டி என்றே நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தில் வாடகை வீடுகள் கட்டிவிட்டவர், ஆனாலும் இரண்டு மாடுகளை விடாதவர். ஆடி மாதத்தில் ஒரு நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்:

"இன்னா சார், கெடா எப்போ வெட்டப் போற? எங்க ஊட்டுக்கும் ஒரு பங்கு சொல்லு."

"நாய்ங்க இது."

"நாயா? பார்லருக்கு இட்டும்போயி முடிய சுருட்டி உட்டுக்கீறியா?"

அன்று முதல் அவருக்கு அவன் ஆடுதான்.

அவனை வாங்கி வளர்த்தவள் எங்கள் மகள். புனேயில் வேலை கிடைத்துப் போனபோது, தங்கப்போன ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லை என்பதால், அவனை எங்களிடம் விட்டுப் போனாள். போகும் முன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். என்ன சாப்பாடு, எந்தச் சீப்பு, எப்போது ஊசி, எல்லாம் இருந்தது. ஒரு வரி இப்படி: "சுருட்டை முடி நாய்க்குக் காதுக்குள்ளயும் முடி வளரும். வாரம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கப்பா. குளிப்பாட்டினா ஈரம் இருக்கக் கூடாது." மிகச் சரியாக அந்த வரியின் மேல்தான் கேஸ் சிலிண்டர் புக் பண்ணும் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தேன். ஒட்டும்போது நேராக வரவேண்டும் என்று ஸ்கேல் வேறு வைத்தேன்.

இனி நடந்ததெல்லாம் என் கைங்கர்யம். மறுநாள் சனிக்கிழமை, நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். எனக்கு ஐம்பத்தாறு வயது. காதுவலி என்றால் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றியே வளர்ந்த காதுகள் என்னுடையவை. எனக்கு நல்லது என்றால் அவனுக்கும் நல்லதுதானே? கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து, விரலில் சூடு பார்த்து, இரண்டு காதிலும் தாராளமாக விட்டேன். விட்டது விட்டாயிற்று, மிச்சம் ஏன் வீண் என்று உடம்பிலும் தேய்த்தேன். அப்புறம் சீயக்காய். சுருட்டை முடிக்குள் புகுந்த சீயக்காய்த்தூள் வெளியே வர மறுத்துவிட்டது. நான் துவட்டி வெளியே விட்டவனைப் பார்த்து மனைவி, "ஏங்க, இது நாயா, எண்ணெய் வடியாத முறுக்கா?" என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, அந்தச் சிரிப்பை.

இரண்டே நாளில் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னங்காலால் காதைச் சொறிவான், சொறியும்போதே அழுவான். சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. "இன்னா சார், ஆடு தலைய சாச்சிகினு கீது? கணக்கு கிணக்கு போடுதா?" வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்று உள்ளே போய்ப் போனில் நாய் டாக்டர் நம்பரைத் தேடினேன்.

புதன்கிழமை ஆவடியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர், என் மகள் வயதுப் பெண். காதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"காதுல என்ன ஊத்தினீங்க சார்?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "பூண்டெண்ணெய் டாக்டர். காய்ச்சி ஊத்தினாரு."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாளிச்சீங்களா?"

"கடுகு மட்டும்தான் போடல டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது, எண்ணெய் அதைவிட மோசம் என்றார். நம் காது போல நேராக உள்ளே போகாதாம் நாயின் காது; கீழே இறங்கி, எல்போ பைப் மாதிரி மடங்கி, அப்புறம்தான் உள்ளே திரும்புமாம். சுருட்டை முடி நாய்க்கு அந்த வழி முழுக்க முடி. மேலே தொங்கும் காது மூடி போட்ட பாத்திரம் போல மூடிக்கொள்ளும். காற்றே போகாது. ஈரம் சேர்ந்து புளிக்கும். புளித்ததைப் பூண்டெண்ணெய் ஊற்றி நான் நன்றாகக் குழைத்துவிட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க எனக்கு இன்னொன்று உறைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலை, இரும்புத் துண்டுகளில் போட்ட துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வது. இருபத்தேழு வருடம். அடுத்தவன் போட்ட எத்தனையோ துளைகளுக்குள் எட்டிப் பார்த்த நான், வீட்டிலிருந்த இரண்டு துளைகளுக்குள் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"இறுக்கிப் பிடிச்சுக்கோங்க சார். வலிக்கும்" என்றார் டாக்டர். நான்தான் பிடித்தேன். தலையை என் மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் மருந்துத் தண்ணீர் விட்டு, கழுவி, அடைத்திருந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அவன் போட்ட சத்தம் நாயின் சத்தமாக இல்லை. நடுவில் ஒரு தடவை கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் விடவில்லை.

"பதினாலு நாள், ரெண்டு வேளை. க்ளீன் பண்ணிட்டுச் சொட்டு மருந்து. நடுவுல விட்டுட்டா திரும்ப வரும், இதைவிடக் கெட்டியா. அப்படியே போனா காது கேக்காமக்கூடப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தேன். வண்டிச் சத்தத்துக்கே ஓடிவந்து மேலே பாய்கிறவன் வரவில்லை. படிக்கட்டில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கேட்கும் சக்தி போய்விட்டது, நான் ஊற்றிய எண்ணெய்தான் என்று நினைத்து அங்கேயே நின்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே மனைவி தோசைக்கல்லில் மாவை ஊற்றினாள். சொய்ங் என்றது. அவன் எழுந்து என்னைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குப் பறந்தான். காது நன்றாகவே கேட்டது. நான் வருவது மட்டும்தான் கேட்கவில்லை.

அதன்பின் மருந்து போடும் வேலை மனைவியுடையதானது. இந்த வீட்டுக்கு நாய் வந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்றவள் அவள். நான் பக்கத்தில் நின்றாலே அவன் கட்டிலுக்கடியில் போய்விடுவதால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வாள். பிரசவ வார்டு வாசலில் நிற்பது போலக் காலையும் மாலையும் அறை வாசலில் நிற்பேன். உள்ளிருந்து குரல் கேட்கும். "என் ராசா இல்ல, என் தங்கக்கட்டி இல்ல, இதோ முடிஞ்சுடுச்சு, இதோ." முப்பது வருடத்தில் நானும் எத்தனையோ காய்ச்சல் தலைவலி என்று படுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது தங்கக்கட்டி ஆகியிருப்பேனா? கதவுக்கு வெளியே பொறாமையும் நிம்மதியும் கலந்து நின்றேன்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. மனைவியின் தம்பி பேத்திக்கு வந்தவாசியில் மறுநாள் காதுகுத்து. காது விஷயம் என்னை விடுவதாக இல்லை. அவள் போகாமல் முடியாது. காலை மருந்தைப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துடுவேன். இன்னைக்குச் சாயங்காலம், நாளைக்குக் காலைல, சாயங்காலம். மூணே வேளை. விட்டுடாதீங்க."

"நான் பாத்துக்கறேன்."

"அதான் பயமா இருக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் நான் பார்த்துக்கொண்ட அழகு இது: பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு, எதேச்சையாகப் போவது போல அவன் பக்கம் போனேன். உலகத்தில் எந்த நாயும் நம்பாத நடிப்பு. பிடிக்கப் பாய்ந்தேன். அவன் நழுவினான், நான் விழுந்தேன், மருந்தில் பாதி என் சட்டைக்குப் போனது. ஒரு வேளை தவறியது. சுவருக்கு மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "தொர்த்தாத சார். மாடானாலும் நாம தொர்த்துனா வராது. குந்திகினா வரும்." அதில் கிண்டல் இல்லை.

ஞாயிறு காலை புதுத் தந்திரம். மனைவிக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே அவள் முகம். "என் ராசா, இங்க பாரு, அம்மா பாரு" என்றாள். அவன் கட்டிலுக்கடியிலிருந்து வந்தான். போனை முகர்ந்தான், போனுக்குப் பின்னால் போய்த் தேடினான், திரும்பி வந்து உட்கார்ந்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பஞ்சை நனைத்தேன். காது நுனியைத் தொட்டேன். அசையவில்லை. அப்போது வந்தவாசியில் ஆசாரி குழந்தையின் காதில் குத்தினார். போன் முழுக்க ஒரு அலறல். அவன் ஒரே தாவலில் கட்டிலுக்கடியில். "ஐயோ, இருங்க வரேன்" என்றாள் மனைவி, போன் கட்டானது.

இன்னொரு வேளையும் போய்விட்டால் பதினோரு நாளும் வீண். எனக்குத் துரத்தும் தெம்பும் இல்லை. தரையில் படுத்தேன். கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள். ஜோக் அடித்தே காலம் தள்ளியவனுக்கு வேறு பேச்சு தெரியாது. தங்கக்கட்டி என்று ஆரம்பித்துப் பார்த்தேன்; என் குரலில் அது எனக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டேய். தெரியாம ஊத்திட்டேன்டா. அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டது நானு. விட்டிருந்தா இன்னும் வலிச்சிருக்கும். அது உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல தப்பில்ல. வராட்டி பரவால்ல, நான் இங்கதான் இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கையைத் தரையில் மல்லாத்தி வைத்தேன். பாட்டிலைத் தள்ளி வைத்தேன். ஜன்னல் வெயில் என் காலிலிருந்து முழங்கால்வரை ஏறியது. தூங்கிவிட்டேனோ என்னவோ. உள்ளங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. பிறகு மோவாய். பிறகு முழுத் தலையின் கனமும் என் கையில்.

எழுந்து உட்காரவும் பயம், படுத்தபடியே செய்தேன். காதை மெதுவாகத் தூக்கி, மருந்துத் தண்ணீரை விட்டு, டாக்டர் காட்டியபடி காதின் அடியை விரல்களால் பிசைந்தேன். சளக் சளக்கென்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் ஒரு முனகல் போட்டான், வலியில்லாத முனகல். ஓரத்தில் நீண்டிருந்த சுருளை விலக்கிப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் பழுப்பு ஏறவே இல்லை. உள்ளே ரோஜா நிறம். முகர்ந்து பார்த்தேன், வெறும் நாய் வாசம். மூன்று சொட்டு மருந்து. வலது காது முடிந்தது.

அவன் எழுந்து தலையை ஒரு உதறு உதறினான். உள்ளே போன தண்ணீரில் பாதி என் முகத்தில், கண்ணாடியில், திறந்திருந்த வாயில். பிறகு நகம் டக்டக்கென்று தரையில் பட, கதவைத் தாண்டி வெளியே நடந்துவிட்டான்.

கூப்பிடவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். வெளியே தண்ணீர்க் கிண்ணத்தில் நக்கும் சத்தம். நின்றது. டக்டக். திரும்பி வந்தான். என்னைப் பார்க்காமல், ஏதோ அந்த இடம் பிடித்துப்போனவன் போல, என் தோள் பக்கத்தில் பொத்தென்று படுத்தான். இந்த முறை இடது காது மேலே இருந்தது.

பாட்டில் ஜில்லென்று இருக்கக் கூடாது என்று அதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தபோது போன் அடித்தது.

"என்னங்க ஆச்சு? பிடிச்சீங்களா? போட்டீங்களா?"

"மெதுவாப் பேசு" என்றேன் ரகசியமாக. "ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணுக்கு வந்திருக்கான்."