அங்கம்மாவின் ஈரல் படம்

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. அந்தப் படத்தை எடுத்த சிவராசா வாயாலேயே கேட்டேன்.

1981, ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதுளையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் கொடுத்த பழைய காமா கமரா அங்கே இருந்தது. கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி, அது ஈரலில் தங்கியதும் எட்டு நிமிடம் படம் பிடிக்க வேண்டும். ஆனால் நோயாளி மூச்சு விட்டால் ஈரல் அசையும். ஈரல் அசைந்தால் படம் கலங்கிவிடும். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார். தெளிவான படம் ஒன்றாவது காட்டாவிட்டால் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதை இயக்கும் சிவராசாவுக்குப் பழையபடி எக்ஸ்ரே இருட்டறைதான். யாழ்ப்பாணத்துக்காரர், மகா கெட்டிக்காரர். மனசுதான் கல்.

காலை 10.20. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அங்கம்மா கட்டிலில் படுத்தாள். வயிறு மட்டும் வீங்கி, மற்றபடி எலும்பும் தோலுமாக இருந்தாள். சிவராசா அவள் விலாவைச் சுற்றிப் பட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மூச்சு முட்டுதுங்க ஐயா..."

"முட்டட்டும். அடக்கு."

மூன்று தடவை எடுத்தார். மூன்றும் கலங்கல். அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

"எழும்பிப் போ! மூச்சை அடக்கப் பழகிக்கொண்டு ரெண்டு மணிக்கு வா. பழகாமல் வந்தால் மருந்தும் இல்லை!"

பாவி மனுசன், கோபத்தில் கத்திய பேச்சு அது. அவளோ விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் வளர்ந்தவள்.

"சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிற்பகல் 2.10. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. திரும்பினால்... அங்கம்மா கட்டிலில் படுத்திருக்கிறாள்.

"பழகினியா?"

"பழகிட்டேங்க ஐயா."

பட்டி கட்டப் போனார். தேவைப்படவில்லை. அந்த வயிறு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தோள் சில்லென்று இருந்தது. மலைக் குளிர்தானே என்று நினைத்துக்கொண்டார்.

டிக்... டிக்... டிக்...

மூன்று நிமிடம்.

ஐந்து.

கண் இமைக்கவில்லை.

எட்டு.

"போதும். மூச்சை விடு."

விடவில்லை...

சிவராசா திரும்பிப் பொலரொயிட் படத்தை உரித்தார். அடேயப்பா, அப்படியொரு தெளிவு! ஈரலின் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தது. பூரித்துப்போய் நிமிர்ந்தார்.

கட்டில் காலி.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

2.22. விறாந்தைக்கு ஓடினார். அவள் புருஷன் பொன்னையா காலியான வாங்குப் பலகை அருகே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"உன்ரை மனுசி எங்க?"

பொன்னையா முகத்தைத் துடைத்தான்.

"பதினொன்னே முக்காலுக்கே செத்துட்டாங்க ஐயா. சவ அறையில போட்டிருக்காங்க. இந்த வாங்குலதான் படுத்திருந்தா. ஐயா சொன்னாங்கன்னு மூக்கப் பொத்திப் பொத்திப் பழகினா. என்னைய எண்ணச் சொன்னா. இருநூறு வரைக்கும் எண்ணிட்டேங்க... கைய எடுக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கமரா பதுளையிலேயே இருக்கட்டும் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

"பிரமாதம், சிவராசா! அந்த மனுசியை எப்படி ஐசே மூச்சே விடாமல் வைத்திருந்தீர்?"

சிவராசா படத்தை வாங்கி உறைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்.

"நான்தான் பழக்கினனான், சேர்."