தெற்குச் சுவரடியில் பயிற்றை

ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மண்ணை மண் என்று சொல்லவே எனக்கு வாய் வராது. எரிமலைக் கல் நொறுங்கிய கறுப்புச் சல்லி. எண்பதுகளில் ஓக்லண்டுக்கு வந்த எங்களுக்கு, மழை ஓயாத ஊரில் இப்படி ஒரு பாலைவனம் வாய்த்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிக் காணாமல் போய்விடும்.

அதில்தான் அக்கா அனுப்பிய பயிற்றங்காய் விதைகளைப் போட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தார், பன்னிரண்டு விதை. அதுதான் அவருடைய கடைசிக் கடிதம். பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து எங்கே போனாரென்று தெரியவில்லை. நான் எழுதியவை திரும்பி வந்தன. நீளப் பயிற்றை விதை அப்போது எனக்குத் தெரிந்து இங்கே எந்தக் கடையிலும் இல்லை. எப்பாடு பட்டாவது அடுத்த வருடத்துக்கு விதை எடுத்தே தீருவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

"தெற்குப் பக்கம் போடுவம். அங்கதான் வெயில் சாயும்," என்றார் கணவர். மனுரேவாவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பக்கம் சுவரெல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கு."

"எனக்குப் படிப்பிக்காதேயும்."

எஞ்சினியர் சொன்னால் சூரியன் கேட்கத்தானே வேண்டும்! விதைத்தோம். முதுகு ஒடிய வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். ஏழு முளைக்கவேயில்லை. முளைத்த ஐந்தும் வெளிறி, நூலாக நீண்டு சரிந்தன.

ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பூமியின் தென்பாதியிலிருக்கிற இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கம்தான் சாயும், தெற்குச் சுவரடி எப்போதும் நிழல் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் ஒரு பிடி பிடித்தேன். பிழை என்று ஒரு சொல் வந்ததா? இல்லை. "உலகம் உருண்டை எண்டு எனக்குத் தெரியாதே?" என்றார். அன்றிலிருந்து அவசியத்துக்கு மேல் அவரோடு கதைப்பதில்லை. தோட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஐந்தையும் கிளப்பி வடக்குப் பக்கம் நட்டேன். நான்கு பட்டுப்போயின. ஒன்று பிடித்தது. கோடை முடிகிற நேரத்தில் அதில் ஆறு காய். மிகப் பெரியதை விதைக்கென்று கொடியிலேயே முற்றவிட்டேன். அதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் தேங்காய்ப் பால்கறி மணம். அடுப்புப் பக்கமே போகாத மனிதர் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு நின்றார்.

"இருந்து சாப்பிடும். கொடியில கிடந்த எல்லாக் காயையும் ஆய்ஞ்சுபோட்டன். பெரியது முத்திப்போகப் பார்த்தது, நல்ல காலம் கண்டன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீர் சொன்னதுதான் சரி. நான் விட்டது பிழை," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்! கத்த வாய் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? அது விதைக்காய் என்று சொல்லாமல் விட்டவள் நான். உட்கார்ந்து, கறியிலிருந்த விதைகளை ஒவ்வொன்றாகக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"ஏன், அவியேல்லையோ?" என்று கேட்டார்.

"நல்லா அவிஞ்சிட்டுது," என்றேன்.