விருப்பப் பட்டியலின் முதல் வரி

என் மகளின் விருப்பப் பட்டியலில் முப்பத்தொரு கல்லூரிகள் இருந்தன. பொறியியல் கலந்தாய்வில் அந்த வரிசைதான் எல்லாம். மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். மதிப்பெண்ணுக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதையே ஒதுக்குவார்கள். அதற்குக் கீழே இருப்பவை இல்லாத மாதிரிதான். அன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் எனக்கு ஆகாது. அதனால் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன்.

மூன்றரை மணிக்குப் பார்த்தபோது முதல் வரியில், எங்கள் கோச்சடை வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய கல்லூரி இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்த கோவைக் கல்லூரி பதினான்காவது இடத்தில் கிடந்தது.

"என்னடி, தலைகீழா இருக்கு?"

"பக்கத்துல இருந்தா நல்லதும்மா. பஸ் பாஸ் போதும்."

"ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம என்ன." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

மேலும் கேட்டால் அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள். நான் டைரியை எடுத்தேன். இருபத்திரண்டு வருடங்களாகத் தினம் ஒரு பக்கம் எழுதுகிறேன். பின்னோக்கிப் புரட்டினேன். 'இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள்.' 'தலைவலி என்றாள்.' 'தோழி வீட்டுக்குப் போகவில்லை.' ஒன்பது நாட்கள் இப்படியே. அதற்கு முந்தின ஞாயிறு: 'கீழக்குயில்குடி மலைக்குப் போய் வந்தோம். வழியெல்லாம் விடுதி அறையைப் பற்றியே பேச்சு.' இரண்டுக்கும் நடுவில், திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி: 'விடுதிச் செலவுகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.'

எழுந்து போய் அந்தத் தாளைப் படித்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். சேர்க்கைக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ரயில், லேப்டாப். கீழே மொத்தம், அதற்கு அடியில் இரட்டைக் கோடு. பணம் எங்கிருந்து வரும் என்பது எனக்கும் அவள் அப்பாவுக்கும் தெரியும். அதனால் அதை எழுதவில்லை. தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது அந்த மொத்தம் மட்டும்.

அவளைக் கூப்பிட்டு, பேனாவால் பக்கத்தில் இன்னொரு பத்தி இழுத்தேன்.

"போஸ்டாபீஸ்ல ஒன் பேருல போட்டது, வர்ற மாசம் முடியுது. இது அப்பாவோட சீட்டு. மிச்சத்துக்கு லோன், பேங்க்ல பேசியாச்சு."

"இதெல்லாம் எப்பம்மா பண்ணுன?"

"நீ கேக்கல, நான் சொல்லல."

"செலவ மட்டும் கொட்டை எழுத்துல ஒட்டி வச்சா நான் என்னத்தம்மா நெனைக்கிறது?"

தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன்.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, பதினான்காவது வரியை மேலே இழுத்தாள். அது நழுவி ஆறாவது வரியில் நின்றது. மறுபடி இழுத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோவை முதல் வரிக்கு வந்தது.

பட்டியலைப் பூட்ட ஓடிபி வேண்டும். அது மாசி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவின் ஃபோனுக்கு வரும். மணி நாலு ஐம்பது. ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நம்பர் வந்துருக்கா?"

"இருத்தா, ஆளு நிக்கிறாரு. அண்ணே, அது பித்தளைண்ணே, இம்புட்டுக்குக் கொடுத்தா எனக்குக் கட்டாது."

"அப்பா! அஞ்சு மணிக்கு மூடிருவாங்க!"

"சரி சரி. எதை மொதல்ல போட்ட?"

"கோயமுத்தூர்."

பித்தளைப் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அங்க போயி பிளாஸ்டிக் வாளி மட்டும் வாங்குன, அம்புட்டுதான். நம்ம கடை மானம் போயிரும். நம்பரை எழுதிக்க."

பூட்டியாயிற்று. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் அதற்குள் ஃபிரிட்ஜிலிருந்து தாளைப் பிய்த்து, மேசையில் குப்புறப் போட்டு எழுத உட்கார்ந்தாள்.

"மொதல்ல கிடைக்கட்டும்டி."

"போன வருசக் கட் ஆஃபைவிட எனக்குக் கூடுதல்மா. கிடைக்கும்."

எட்டிப் பார்த்தேன். எவர்சில்வர் வாளி, ஒன்று.