ரெண்டு தடவை டீச்சர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டு தடவை டீச்சர்’. வகுப்பில் இருபத்தாறு பேர். பள்ளி இருந்தது தமிழ்நாட்டுக்கு வெளியே. பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ், மறுபாதி அந்த ஊர் மொழி. இரண்டிலும் பாடம் நடத்துவோம் என்று சொல்லித்தான் பள்ளி எல்லோரையும் சேர்த்திருந்தது. ஆகவே டீச்சர் எதையும் முதலில் ஊர் மொழியில் சொல்வார், மூச்சு வாங்கிக்கொண்டு அதையே தமிழில் சொல்வார். நோட்டை எடு என்பதும் இரண்டு தடவை, சன்னலைச் சாத்து என்பதும் இரண்டு தடவை. பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சாப்பாடு ஆறுகிறது என்று ஒரு நாள் அவர் மறுபடி சொன்னபோது மாமியார், “எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்மா, காது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். இரண்டு வருடத்துக்குள் ஆய்வாளர் இரண்டு முறை வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாவது அறிக்கையை வைத்துத்தான் வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று முடிவு செய்வார்கள்.

முதல் வருகை பிரமாதமாக முடிந்திருந்தது. சுவரை அடைத்த தொடுதிரை, பிள்ளைக்கு ஒரு டேப் கணினி என்று வகுப்பில் கருவிகளுக்குக் குறைவில்லை. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் செலவழித்துப் பாடங்களைத் திரைக்குத் தயாரித்தார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஊர் மொழி. அதே படம், அதே நிறம், அதே அளவு எழுத்து. ஆய்வாளர் கேள்வி கேட்டார். பிள்ளைகள் அவரவர் மொழியில் டக்கென்று பதில் சொன்னார்கள். ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழில் வந்த பதில்களுக்கு டீச்சரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு மொழிகளும் சமமாக இருக்கின்றன, பிற வகுப்புகளும் இதைப் பின்பற்றலாம் என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியை அதைப் பிரதி எடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டினார்.

குறை சொன்னால் எங்கே குறை என்று தேடிப் பார்ப்போம். பாராட்டிவிட்டால் யாரும் தேடுவதில்லை. டீச்சரும் தேடவில்லை. பிள்ளைகளோடு அவரும் மூன்றாம் வகுப்புக்கு ஏறினார். அதே கோடு, அதே இரண்டு பக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலை திரையின் வலது பாதி கறுத்துப்போனது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார். தமிழ்ப் பாதி பளிச்சென்று இருந்ததால் டீச்சர் கவலைப்படவில்லை. இன்றைக்கு எல்லோரும் இதைப் படியுங்கள் என்றார். ஊர் மொழிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டினார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியம் ஊர் மொழியை இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டார். இப்போது தமிழ்ப் பிள்ளைகள் விழித்தார்கள்.

முதல் வரிசையில் ஒருத்தி இருந்தாள். வாயாடி என்றால் பள்ளிக்கே தெரியும். தமிழில் அவளை நிறுத்த மணி அடிக்க வேண்டும், ஊர் மொழியில் ஒரு சொல் வராது. அவளை எழுப்பிக் கேட்டார்.

“அது எங்க பக்கம் இல்லையே டீச்சர்” என்றாள்.

“நான் தினமும் ஊர் மொழியிலயும் சொல்றேனே, கேக்கறதில்லையா?”

“அது அவங்களுக்குச் சொல்றது. அப்ப நாங்க பேசிக்கிட்டிருப்போம். எங்களுக்குத்தான் ரெண்டாவது தடவை வருமே.”

குற்றம் சொல்லும் குரல் அல்ல. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று வழி காட்டுகிற குரல். டீச்சர் அன்று வீட்டில் எதையுமே இரண்டு தடவை சொல்லவில்லை.

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அடுத்த மொழி தேவைப்படவே இல்லை, தேவைப்படாதபடி பார்த்துக்கொண்டது அவர்தான். தேவைப்பட வைப்பது எப்படி என்று யோசித்து, பாடத்தை இரண்டாக வெட்டினார். தமிழ்ப் பிள்ளையின் டேப்பில் வேலையின் ஒரு பாதி தமிழில், பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் டேப்பில் மறுபாதி ஊர் மொழியில். சீட்டாட்டக்காரர்கள்போல டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், வாயால் மட்டும்தான் சொல்லலாம். இரண்டு பாதியும் சேராமல் வேலை முடியாது.

முதல் வாரம் சந்தைக்கடை. இரண்டாவது வாரம் பிள்ளைகள் டேப்பில் மொழிபெயர்க்கும் பொத்தான் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வகுப்பு திடீரென்று அமைதியானது. டீச்சர் தலைமையாசிரியையிடம் போய் அந்தப் பொத்தானைப் பூட்டச் சொன்னார்.

“வாங்கிக் குடுத்ததையே பூட்டச் சொல்றீங்களேம்மா” என்றார் தலைமையாசிரியை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த பிரதியைக் காட்டினார். “நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவரே மறுபடி வரப் போறார். அவர் வந்து போற வரைக்கும் பழசையே வெச்சுக்கோங்க. அப்புறம் என்ன வேணா செய்ங்க.”

“அவர் வர நாலு மாசம் இருக்கு மேடம். நாலு மாசம் பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கணுமே.”

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். பொத்தான் பூட்டப்பட்டது.

திரை சரியான பிறகும் டீச்சர் பழைய கோட்டைப் போடவில்லை. டேப்புகளுக்கு வேறு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குச் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி விட்டதும் காலி வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்பார். முதல் மாதம் வாயாடியின் ஊர் மொழிப் பதிவில் “இது, இது, இல்ல, இது” என்பதைத் தவிர வேறில்லை. இரண்டாவது மாதம் பெயர்ச்சொற்கள் வந்தன. மூன்றாவது மாதம், பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரியை அவள் ஊர் மொழியில் திட்டியது பதிவாகியிருந்தது. முழு வாக்கியம். டீச்சர் அதை மறுபடி ஓட விட்டுக் கேட்டார்.

ஆய்வாளர் வந்த அன்று பாடம் காகிதப் பாலம். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு தாளை வைத்து அதன் மேல் கிரேயான்களை அடுக்க வேண்டும். திரையில் படம் மட்டும் இருந்தது. கடைசி வரிசை நாற்காலியில் இருந்து ஆய்வாளர் திரையைப் பார்த்தார், கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டு மொழியும் எங்கே என்று அவர் தேடுவது டீச்சருக்குத் தெரிந்தது. வாசலில் நின்ற தலைமையாசிரியைக்கும் தெரிந்தது.

போதாக்குறைக்குக் கண்ணாடிக்காரிக்குக் காய்ச்சல், வரவில்லை. வாயாடியை வேறு ஜோடியோடு சேர்க்க டீச்சர் வாயெடுப்பதற்குள் அவள் கண்ணாடிக்காரியின் டேப்பையும் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஆய்வாளரிடம் ஊர் மொழியில் கேட்டாள்.

“சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க?”

ஆய்வாளர் படிவத்தைக் கீழே வைத்து டேப்பை வாங்கிக்கொண்டார். அவர் பாதியில் அளவுகள் இருந்தன. புத்தகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, தாள் எவ்வளவு நீளம். படித்தவர் அல்லவா, கச்சிதமாக அளந்து தாளை வைத்து ஒரு கிரேயானை வைத்தார். பாலம் தொப்பென்று விழுந்தது. இன்னொரு தாள் எடுத்தார். அதுவும் விழுந்தது.

வாயாடி தன் டேப்பை நெஞ்சோடு அணைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க என் பாதிய கேக்கவே இல்லையே சார்.”

ஆய்வாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “சரி. உன் பாதில என்ன இருக்கு?”

அவள் வேகமாகத் தமிழில் ஆரம்பித்தாள். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. நிறுத்தினாள். டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் இரண்டு மொழியிலும் அதைச் சொல்லியிருப்பார், வாய் வரை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாயாடி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து ஊர் மொழியில் சொன்னாள். “தாள மடிங்க. திருப்புங்க. மறுபடி மடிங்க. விசிறி மாதிரி.” விசிறிக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. கையால் முகத்துக்கு வீசிக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். எத்தனை மடிப்பு என்று கேட்டார். கேட்டுக் கேட்டு மடித்தார். பாலம் பதினான்கு கிரேயான் தாங்கியது.

வகுப்பில் அதிகம் தாங்கியது பத்தொன்பது. அதை வாயாடி அவருக்கு ஊர் மொழியிலேயே தெரியப்படுத்தினாள்.

அறிக்கை அன்று மாலையே வந்தது. பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு மொழிகளும் உள்ளனவா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்றும், அதன் கீழே ‘தேவையும் இல்லை’ என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி: பணி நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன். தலைமையாசிரியை பழைய பிரதியைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை ஒட்டினார். இதையும் ஒட்ட வேண்டாமே என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இந்த முறையிலும் எங்கோ ஓர் ஓட்டை இருக்கும், அதையும் ஏதோ ஒரு திங்கட்கிழமை காட்டும். தேடத் தெரிந்த ஓர் ஆசிரியர் அந்த வகுப்பில் நிற்கிறார் என்ற அளவுக்குத் தயங்காமல் சொல்லலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பையை மாட்டப் போனார். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். மாமியார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

“இத மட்டும் இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்.