முழுதாக வந்த குளிசை

ராகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும்போது பூரணி வந்தாலே கணக்கப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அவள் நகரமாட்டாள். ஈரத்துக்கென்று எவ்வளவு கழிக்கிறார் என்பதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்காத எதையும் அவள் நம்பியதில்லை.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலையில் வேலை செய்த அவள் கணவன் மாயாண்டி பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தான். நுவரெலியாவில் டாக்டர் புதிய பிரஷர் குளிசை எழுதிக் கொடுத்துச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். காலையில் ஒன்று என்பது மட்டும் பூரணிக்கு விளங்கியது.

ஒருநாள் மாயாண்டியின் மலப் பேசினைக் கழுவும்போது அந்தக் குளிசை அதில் கிடந்தது. அதே வட்டம், அதே நிறம். கழுவி எடுத்துப் பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் காட்டினாள்.

"போட்ட மேனிக்கே வந்திருக்கேடி! மனுசனுக்குச் செமிக்கல. அரைச்சுக் குடு."

"டாக்டரு அப்படிச் சொல்லலையேக்கா."

"நம்ம ஆஸ்பத்திரியில தூளாக்கிப் பொட்டலம் கட்டித்தானே குடுத்தாங்க? அதக் குடிச்சுத்தானே நம்ம புள்ளைக வளந்துச்சு?"

அது உண்மைதான். இருந்தும் பூரணி அவசரப்படவில்லை. மறுநாளும் பார்த்தாள். மறுநாளும் குளிசை முழுதாக வந்திருந்தது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்த காலை புதுக் குளிசையை அம்மியில் வைத்தபோது மேல்தோல் ரப்பர்போல இழுபட்டது. கத்தியால் கீறி அரைத்து, சீனி போட்ட தேயிலைச் சாயத்தண்ணியில் கலக்கிக் கொடுத்தாள். மாயாண்டி கோணிய வாயால் சிரித்தான்.

"கசக்குதே புள்ள. வெசம் கிசம் போட்டியா?"

"ஆமா. பேசாமக் குடி."

உச்சிப்பொழுதுக்குள் அவன் உடம்பெல்லாம் வேர்த்தது. கைகால் சில்லிட்டது. தோட்டத்து லொறி ராகலையைத் தொடுமுன்னே உயிர் போய்விட்டது. வாதம் ரெண்டாவது தடவையும் அடித்துவிட்டது என்றார்கள். பூரணியும் அப்படித்தான் நினைத்தாள்.

செத்தவன் மருந்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கருமாதி முடிந்ததும் மிச்சக் குளிசைகளை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக் குணரத்தினம். கழுவி வைத்திருந்த குளிசையையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஆகாத மருந்துங்கய்யா. யாருக்கும் குடுத்துறாதீங்க. அப்படியே வெளிய வந்துருது."

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். "இது மருந்தில்லை பூரணி, வெறும் கூடு. பொலிமர் எண்டு சொல்லுறது, பிளாஸ்டிக் மாதிரி. வயித்துக்குள்ள கரையாது. இஞ்ச பாருங்கோ, ஊசிமுனை மாதிரி ஓட்டை. தண்ணி ஊற ஊற மருந்து இதாலதான் கொஞ்சங் கொஞ்சமா கசியும். கூடு வெளியில வந்தா மருந்து வேலை செய்திட்டுது எண்டு அர்த்தம்."

பூரணி நகத்தால் அழுத்தினாள். கூடு உள்வாங்கியது. அந்த ஓட்டையை அவள் பார்த்திருக்கவில்லை.

"அம்புட்டும் ஒரே தடவையில எறங்குனா?"

"பிரஷர் விழுந்து..." என்றவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மிச்சக் குளிசைகளை மெல்ல இழுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கூட்டை மட்டும் அவள் முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் தராசு முள்ளைப் பார்ப்பதில்லை. பூரணிக்கு வயசாகிவிட்டது என்று கணக்கப்பிள்ளை நிம்மதியடைந்தார். பார்த்தால் போதாது என்று அவள் அறிந்துகொண்டதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சாயத்தண்ணி ஆற்றும் ஒவ்வொரு காலையும் வெசம் கிசம் போட்டியா என்று அந்தக் கோணிய வாய் கேட்டுக்கொண்டே இருந்தது.

சில வருசங்களில் வீரம்மாவுக்கும் பிரஷர் வந்தது. அவளுக்கும் அதே குளிசை. அன்றிலிருந்து விடியற்காலையில் அவள் வாசலில் பூரணி வந்து நிற்பாள். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

"ஏண்டி, ஓம் புருசனுக்கு மட்டும் பாசமா அரைச்சுக் குடுத்தே. நான் இத முழுசா முழுங்கணுமா?" என்று வீரம்மா கேலி செய்தாள்.

பூரணி தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"முழுங்குக்கா."